மூலையில் இருந்த வட்டம்

அந்த வட்டத்தை அலுவலகத்துக்குள் கொண்டுவந்தவன் தான்தான் என்பதை ஸ்கேன்காரன் யாரிடமும் மறைத்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

அது ஒரு சின்ன மென்பொருள். இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. திரையின் வலது மூலையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம் போட்டு, டிஸ்கில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும். பாதிக்குக் கீழே பச்சை, அதற்கு மேல் மஞ்சள், தொண்ணூறைத் தாண்டினால் சிவப்பு. வட்டத்தைத் தட்டினால் திரை முழுக்கச் சதுரங்கள் விரியும். பெரிய கோப்புக்குப் பெரிய சதுரம், சின்னதற்குச் சின்னது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். எதையும் அழிக்காது, யாருக்கும் புத்தி சொல்லாது. அலுவலகத்தில் அப்படிப்பட்ட ஒன்று இருப்பதே அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

மூச்சுக் கருவி அனுமதி அலுவலகம் என்பது அந்த அலுவலகத்தின் பெயர். நுரையீரல் கெட்டுப்போனவருக்கு வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு கருவி வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டையும் எக்ஸ்ரே படங்களையும் எடுத்துக்கொண்டு இங்கே வர வேண்டும். ஸ்கேன்காரன் அவற்றை ஸ்கேன் செய்து, பொது டிஸ்கில் ஆளுக்கொரு கோப்பாகப் போட்டு வைப்பான். இயக்குநரையும் சேர்த்து ஏழு அதிகாரிகள் கையெழுத்துப் போட்டு முத்திரை விழுந்தால், கீழ்த்தளக் கிடங்கிலிருந்து கருவி கிடைக்கும். கிடங்கில் இருபது கருவிகள் பெட்டி பிரிக்காமல் இருந்தன. கடைசியாக ஒன்று வெளியே போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. ஏழு பேரும் ஒரே வாரத்தில் பேனாவை எடுப்பது அபூர்வம்.

அந்தக் கோப்புகளில் ஒன்று அவனுடைய அக்கா கணவருடையது. மாமா இருபத்திரண்டு வருடம் கல் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். தரைக்குப் போடும் பளபளப்புக் கல். அறுக்கும்போது மாவு மாதிரி தூசி எழும்பும். இந்த வேலை கிடைப்பதற்கு முன் ஸ்கேன்காரனும் நான்கு வருடம் அங்கேதான் இருந்தான். மாமாதான் சேர்த்துவிட்டார். பதினாறு வருடத்துக்கு முந்தைய கதை அது. இப்போது மாமாவால் கட்டிலிலிருந்து குளியலறைக்கு ஒரே நடையில் போக முடியாது. நடுவில் ஒரு நாற்காலி போட்டிருந்தாள் அக்கா.

"என் ஃபைல் எந்த மூலைல இருக்கு மாப்ளே?" என்று மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்பார்.

"பத்திரமா இருக்கு மாமா."

"பத்திரமா இருக்கறது எனக்கும் தெரியும். அசையுதான்னு கேட்டேன்."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை இயக்குநர் தற்செயலாக ஸ்கேன்காரனின் மேசைக்குப் பின்னால் வந்து நின்றார். தற்செயலாகத்தான். அவர் தேடி வந்தது தொலைந்துபோன தன் மூக்குக் கண்ணாடியை.

"அது என்னய்யா மஞ்சளா?"

"டிஸ்க்ல எவ்வளவு இடம் நிரம்பியிருக்குன்னு காட்டற வட்டம் சார். ஐம்பத்தோரு சதவீதம்."

"நிரம்பிட்டா?"

"புதுசா எதையும் சேமிக்க முடியாது சார்."

இயக்குநர் வட்டத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். அந்த அலுவலகத்தில் அவர் கேட்ட கேள்விக்கு ஒரு எண் பதிலாக வந்தது அதுவே முதல் தடவை. அது அவரை எங்கேயோ தொட்டுவிட்டது. கண்ணாடியைத் தேடாமலே திரும்பிப் போனார். அன்று மாலைக்குள் எல்லா மேசைகளிலும் அந்த வட்டம் இருந்தது. வியாழக்கிழமை, காத்திருக்கும் கூடத்தில் டோக்கன் எண் காட்டிக்கொண்டிருந்த பெரிய டிவியிலும் அது வந்துவிட்டது. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அன்றிலிருந்து தங்கள் எண்ணுக்குப் பதிலாக வட்டத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"இது என்னதும்மா?" என்று ஒருவர் தபால் பிரிவு அம்மாளிடம் கேட்டார்.

"தெரியல. சிவப்பாகாம இருந்தா நல்லதாம்."

அவர் தலையாட்டினார். மருத்துவமனைகளில் பழகியவர்களுக்கு அந்த மாதிரிப் பதில் போதும்.

பிறகு தினசரி அறிக்கை வந்தது. காலை பத்து மணிக்கு ஏழு அதிகாரிகளும் இயக்குநரின் அறையில் கூடுவார்கள். வட்டத்தின் படத்தைப் பியூன் அச்செடுத்துக் கொண்டுவருவார். ஏழு பேரும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். முத்திரை விழும். பதினான்கு மாதமாக ஒன்றுசேராத ஏழு பேனாக்கள் ஒரு நாள் தவறாமல் ஒன்றுசேர்ந்தன. யாராவது விடுப்பில் இருந்தால் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கையெழுத்து வாங்கினார்கள். ஸ்கேன்காரன் அந்தத் தாளை முழு வண்ணத்தில், மிக உயர்ந்த தெளிவில் ஸ்கேன் செய்ய வேண்டும். 'கையெழுத்தின் மை காய்ந்திருப்பது தெரிய வேண்டும்' என்று ஆணையிலேயே இருந்தது. செய்து, பியூன் அச்செடுக்கும் படங்கள் இருக்கும் 'இடக் கண்காணிப்பு' என்ற கோப்புறையிலேயே சேமிக்க வேண்டும். அதே டிஸ்கில்.

மூன்றாவது வாரம் தினசரி என்பது மணிக்கொரு தடவை ஆயிற்று. வட்டம் எண்பத்தைந்தைத் தொட்டது. ஐந்தாவது வாரம் சிவந்தது.

டிவியில் சிவப்பு வந்த அன்று கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும், முன் வரிசையிலிருந்து பின் வரிசை வரைக்கும்.

அன்று மதியம் ஸ்கேன்காரன் வட்டத்தைத் தட்டிச் சதுரங்களைப் பார்த்தான். திரையில் பாதியை ஒரே சதுரம் அடைத்துக்கொண்டிருந்தது. இடக் கண்காணிப்பு. மற்ற எல்லோரும், நான்காயிரம் நோயாளிகளும், மிச்சப் பாதியில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அவன் அதை அச்செடுத்து எடுத்துக்கொண்டு போனான்.

இயக்குநர் அதைப் பார்த்தார். பக்கத்தில் தலைமை எழுத்தர் நின்றிருந்தார். இயக்குநர் எதைப் பார்த்தாலும் அதைத் தானும் பார்த்துவிட்டதுபோல முகத்தை வைத்துக்கொள்ளத் தெரிந்தவர் அவர்.

"அப்போ நீ சொல்றது, நாம கண்காணிக்கறதாலதான் இடம் போகுதுன்னு."

"சதுரம் அப்படித்தான் காட்டுது சார்."

"உட்காரு," என்றார் இயக்குநர். உட்காரச் சொன்னால் பேசப்போகிறார் என்று அர்த்தம். "இடம் இல்லைன்னு வாயால சொன்னா எவனும் நம்ப மாட்டான். நிரூபிக்கணும். நிரூபிக்கணும்னா ஆதாரம் வேணும். ஆதாரத்துக்கு இடம் வேணும். அந்த இடத்தை நாம எடுத்துக்கிட்டோம். சரி. இப்போ இந்த அறிக்கையெல்லாம் அழிச்சிட்டோம்னு வை. இடம் நிறைய வந்துடும். அப்போ நேத்து வரைக்கும் இடம் இல்லைன்னு நான் கையெழுத்துப் போட்டது பொய்யாயிடும். ஏழு பேர் கையெழுத்து. உன்னோட சதுரத்துக்காக ஏழு பேரைப் பொய்யனாக்கச் சொல்றியா?"

"இல்ல சார்."

"நோயாளி இன்னிக்கு இருப்பான், நாளைக்கு இல்ல. கோப்புறை நிரந்தரம்."

தலைமை எழுத்தர் அதைக் குறித்துக்கொண்டார். மறுநாள் அது சட்டம் போட்டு கூடத்துச் சுவரில் தொங்கியது. கோப்புறை நிரந்தரம் என்ற பகுதி மட்டும்.

அடுத்து வந்தது 'அதிக இடம் பிடிப்போர் பட்டியல்'. நோயாளிகளின் கோப்புகளில் பெரிய சதுரம் யாருடையது என்று எடுத்தார்கள். நோய் முற்ற முற்ற எக்ஸ்ரேக்கள் கூடும். எக்ஸ்ரே கூடக் கூடச் சதுரம் பெருக்கும். ஆகவே மூச்சு விட மிகவும் சிரமப்படுகிறவர்கள் வரிசைப்படி பட்டியலின் தலையில் வந்து நின்றார்கள். எந்த மருத்துவரும் இவ்வளவு துல்லியமாக வரிசைப்படுத்தியிருக்க முடியாது. வரிசை எதற்கு என்பதுதான் வேறாக இருந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒருவரை நீக்குவது என்று முடிவாயிற்று.

முதல் பெயர் பஞ்சாலையில் நூல் சுற்றிய ஒரு பெண்மணியுடையது. அவளுடைய கோப்பு நாற்பது எம்.பி. அதை நீக்கியதற்கு ஒரு நீக்கச் சான்றிதழ் தயாரித்தார்கள். ஆறு பக்கம், முழு வண்ணம், பக்கத்துக்கு ஏழு கையெழுத்து. ஸ்கேன் செய்தபோது அது ஐம்பத்திரண்டு எம்.பி. வந்தது. வட்டம் தொண்ணூற்றொன்றிலேயே நின்றது.

அவள் அடுத்த நாளும் வந்தாள். "உங்க பேர்ல ஃபைல் எதுவும் இல்லம்மா, புதுசா மனு போடுங்க" என்றார் தலைமை எழுத்தர். அவள் அங்கேயே உட்கார்ந்து, வரிக்கு வரி நிறுத்தி மூச்சு வாங்கி, எழுதிக் கொடுத்தாள். வட்டம் சிவப்பில் இருக்கும்போது புதிய மனு எதையும் சேமிக்கக் கூடாது என்று ஆணை இருந்தது. ஸ்கேன்காரன் அந்தத் தாளைத் தன் இழுப்பறையில் வைத்தான். சேமிக்காத தாள்களை யாராவது வைத்திருக்கிறார்களா என்று இழுப்பறைகளைச் சோதித்த அன்று அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் இன்னும் எட்டு நாள் வந்தாள். பிறகு வரவில்லை. விசாரிக்கலாம் என்றால் அவளுடைய முகவரியும் தொலைபேசி எண்ணும் கோப்போடு போயிருந்தன.

மாமா பட்டியலில் நான்காவது.

நீக்குவதற்கு முன் விளக்கம் கேட்பது முறை. மாமாவைக் கூப்பிட்டார்கள். அக்கா ஒரு பக்கமும் ஸ்கேன்காரன் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வாசலிலிருந்து இயக்குநரின் அறைக்கு நாற்பதடி இருக்கும். மாமா நான்கு தடவை நின்றார். மூன்றாவது தடவை நின்றபோது காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தார்.

"நம்ம கல்லு மாப்ளே. இந்தத் தரை மொத்தமும் நம்ம பட்டறைல அறுத்தது. நீ கூட ஓரம் இழைச்சிருப்பே."

"இப்போ அது முக்கியமாங்க?" என்றாள் அக்கா.

"சும்மா சொன்னேன்டி. நல்லாத்தான் உழைச்சிருக்கு."

அறையில் ஏழு பேரும் இருந்தார்கள். இயக்குநர் சதுரங்கள் இருந்த தாளைக் காட்டினார்.

"இது நீங்க. ஏன் இவ்வளவு பெரிசா இருக்கீங்க?"

மாமா தாளைப் பார்த்தார். அவர் எழுபது கிலோவிலிருந்து நாற்பத்தாறுக்கு வந்திருந்தார்.

"வாழ்க்கைல முதல் தடவையா... ஒருத்தர் என்னைப் பெரிய ஆளுன்னு..." மூச்சு வாங்கினார். "சொல்றாரு சார்."

யாரும் சிரிக்கவில்லை.

"மத்தவங்களுக்கு ரெண்டு படம், மூணு படம். உங்களுக்கு முப்பத்தோரு படம். இது நியாயமா?"

"டாக்டர் எடுக்கச் சொன்னாரு சார்."

"டாக்டருக்கு இடத்தைப் பத்திக் கவலை இல்ல. அவர் எடுத்துட்டுப் போயிடுவார். நாங்கதானே வச்சுக்கிட்டு அவஸ்தைப்படறோம்?" இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஆனா நீங்களே யோசிங்க. நீங்க ஒருத்தர் விலகிட்டா எத்தனை பேருக்கு வசதி."

மாமா யோசிப்பவர்போலச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பேச மூச்சு சேர்த்துக்கொண்டிருந்தார் என்பது அக்காவுக்கும் தம்பிக்கும் மட்டும் தெரியும்.

"விலகிக்கிட்டுத்தான் சார் இருக்கேன்," என்றார். "கொஞ்சம் மெதுவா நடக்குது."

விளக்கம் திருப்தியாக இல்லை என்று எழுதினார்கள். வரும் திங்கட்கிழமை நீக்கம். அந்த விளக்கத்தையும் ஸ்கேன் செய்யச் சொன்னார்கள். பன்னிரண்டு எம்.பி.

ஆட்டோவில் ஏறும்போது அக்கா தம்பியின் கையைப் பிடித்தாள். "அந்தக் கருமத்த நீதானே கொண்டாந்தே? நீயே எடுத்துடேன்."

"எடுக்க முடியாதுக்கா. எல்லா மேசைலயும் இருக்கு."

"அப்போ இவரையாவது எங்கயாவது ஒளிச்சு வை."

அவள் அழுகையில் சொன்னதுதான். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை வரைக்கும் அது அவன் காதிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் கிளம்பும் நேரத்தில் அவன் மாமாவின் கடைசி எக்ஸ்ரேயை மட்டும் எடுத்தான். அழிக்கவே கூடாத இடம் அந்த அலுவலகத்தில் ஒன்றுதான் இருந்தது. திங்கட்கிழமை அறிக்கை என்று படத்துக்குப் பெயர் மாற்றி, இடக் கண்காணிப்புக் கோப்புறைக்குள் போட்டான். பிறகு தண்ணீர் குடித்தான். கொஞ்ச நாளாக ஒரு வறட்டு இருமல். பழைய தாள்களின் தூசி என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

பியூனை அவன் கணக்கில் எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலை பியூன், வழக்கம்போல, கோப்புறையில் அன்றைய அறிக்கை என்று பெயர் போட்டிருந்ததை அச்செடுத்து இயக்குநரின் மேசையில் வைத்தார்.

ஸ்கேன்காரனைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனபோது மாமாவின் நுரையீரல் இயக்குநரின் இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்தது.

அந்த அறையில் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துப் பழகியவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் அதிகபட்சம் பார்த்தது படத்தின் உறையை.

"வட்டத்தைக் காணோமே?" என்றார் இயக்குநர்.

தலைமை எழுத்தர் ஒரு அடி முன்னால் வந்தார். தெரியாது என்ற சொல்லை அவர் பணியில் சேர்ந்த நாளிலிருந்து பயன்படுத்தியதில்லை.

"புது மாதிரி அறிக்கை சார். கறுப்பு வெள்ளை. சிக்கனம்."

"ஓ. இந்த வளைஞ்ச கோடெல்லாம்?"

"தட்டுகள் சார். அலமாரியில இருக்கற மாதிரி. ரெண்டு பக்கமும் பன்னிரண்டு, பன்னிரண்டு."

"நடுவுல பெரிசா வெள்ளையா இருக்கே?"

"அது நிர்வாகம் சார்."

இயக்குநர் திருப்தியோடு தலையசைத்தார். பிறகு ஸ்கேன்காரனைப் பார்த்தார். "கறுப்பு என்ன, வெள்ளை என்ன?"

பொய் சொல்லத் தேவையே வரவில்லை. "கறுப்பா இருக்கறது காலி இடம் சார். வெள்ளை, அடைச்சுப் போனது."

"ரொம்பக் கொஞ்சமாத்தான் கறுப்பு தெரியுது."

"ஆமா சார். கொஞ்சம்தான் இருக்கு."

ஏழு பேரும் மாமாவின் நெஞ்சை உற்றுப் பார்த்தார்கள். பதினான்கு மாதத்தில் யாரும் அதை அவ்வளவு கவலையோடு பார்த்ததில்லை. "நிலைமை மோசம்," என்றார் இயக்குநர் மெதுவாக. "வட்டத்துல இந்த அளவுக்குத் தெரியல." பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதினார்: நிலைமை மோசம். உடனடி நடவடிக்கை தேவை. கையெழுத்துப் போட்டார். மற்ற ஆறு பேரும் போட்டார்கள். முத்திரை விழுந்தது, இடது நுரையீரலின் அடிப்பக்கத்தில்.

சதுரங்கள் இல்லாததால் அன்று யாரை நீக்குவது என்று பட்டியலைச் சரிபார்க்க முடியவில்லை. நீக்கம் தள்ளிப்போயிற்று.

ஸ்கேன் செய்யத் தாளை எடுத்துக்கொண்டு வந்தவன் நடைபாதையில் நின்றான். ஏழு கையெழுத்து. ஒரு முத்திரை. மாமாவின் நெஞ்சு. அவன் தன் அறைக்குப் போகாமல் படியிறங்கினான்.

கிடங்குக்காரர் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். தாளை வாங்கினார். கையெழுத்துகளை விரலால் எண்ணினார். முத்திரையைப் பார்த்தார்.

"மேல என்ன எழுதியிருக்குன்னு படிக்கலையா?" என்று ஸ்கேன்காரனே கேட்டுவிட்டான்.

"படிக்கறது மேல இருக்கறவங்க வேலை தம்பி. எனக்கு ஏழு கையெழுத்து, ஒரு முத்திரை. யாருக்கு?"

அவன் மாமாவின் டோக்கன் எண்ணைச் சொன்னான்.

அன்று மாலை அக்கா வீட்டில் கருவி ஓடத் தொடங்கியது. ஆட்டா சலிப்பதுபோல ஒரே சீரான சத்தம். மூக்கில் குழாயோடு மாமா கட்டிலிலிருந்து எழுந்து, நடுவில் இருந்த நாற்காலியைத் தாண்டி, அதைத் திரும்பிப் பார்த்தார்.

"இதை எடுத்துடு," என்றார் அக்காவிடம். "இடத்த அடைச்சுக்கிட்டு."

மறுநாள் பத்து மணிக்கு இயக்குநர் சொன்னார்: "நேத்து வந்த மாதிரியே வேணும். அந்த வட்டம் இனிமே வேண்டாம், அதுல ஆழம் இல்ல."

ஸ்கேன்காரன் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டான். தலையிலிருந்தே தொடங்கினான். முதல் மூன்று பேர் இல்லை. ஐந்தாவது பெயர், வண்ணம் தெளிப்பவர். ஆறாவது, பேக்கரியில் மாவு பிசைந்தவர். தினம் ஒரு நெஞ்சு. தினம் காலை ஏழு பேர் அதைக் குனிந்து பார்த்தார்கள். 'மேலும் சீர்கேடு' என்று எழுதினார்கள். கையெழுத்துப் போட்டார்கள். தினம் மதியம் கிடங்கிலிருந்து ஒரு பெட்டி வெளியே போயிற்று. கையெழுத்தான படம் கூடத்து டிவியில் வந்தது.

"இது என்னுது," என்றாள் ஒரு நாள் பின் வரிசையிலிருந்து ஒரு பெண். "இங்க பாரு, இந்த விலா உடைஞ்சு சேர்ந்தது. என்னுதேதான்." பக்கத்தில் இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஸ்கேன்காரனைப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடும் என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பத்தொன்பது நாளில் பத்தொன்பது பெட்டி.

இருபதாவது நாளுக்கு முந்தின நாள் இயக்குநர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"நாளைக்குத் தலைமையகத்துலேர்ந்து ஆய்வாளர் வர்றார். தினமும் மோசம், மோசம்னு எழுதிட்டு இருக்கோம். அவர் வர்ற அன்னிக்கும் மோசம்னா, இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு கேப்பார். நாளைக்கு மட்டும் நல்லதா ஒண்ணு வேணும். கறுப்பா. நிறையக் காலி இடம் தெரியணும். புரியுதா?"

புரிந்தது. ஆனால் நான்காயிரம் கோப்புகளில் அப்படி ஒன்று இல்லை. நல்ல நெஞ்சு உள்ளவன் அந்த அலுவலகத்துக்கு ஏன் வருகிறான்?

மதிய உணவு நேரத்தில் அவன் எதிர்த் தெருவில் இருந்த எக்ஸ்ரே கூடத்துக்குப் போனான். படம் எடுப்பவருக்கு அவனைத் தெரியும். அவர் அனுப்பும் படங்களைத்தான் அவன் வருடக்கணக்காக வாங்கிக்கொண்டிருக்கிறான்.

"உங்களுக்கா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. ஆபீஸ் வேலை."

சட்டையைக் கழற்றி, குளிர்ந்த தகட்டில் நெஞ்சை ஒட்டி நின்றான். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தான். விடச் சொல்ல அவர் கொஞ்சம் தாமதித்ததுபோல இருந்தது.

"முன்னாடி எங்கயாவது வேலை பார்த்தீங்களா? இந்த ஆபீஸுக்கு முன்னாடி?"

"ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்," என்றார். "கம்ப்யூட்டருக்கு அனுப்பிடறேன். நீங்களே பாருங்க."

அவன் பார்க்கவில்லை. ஆய்வாளர் வருகிறார் என்று சுவரைத் துடைப்பதிலும் தரையைக் கழுவுவதிலும் அந்த மதியம் போயிற்று. படம் வந்ததும் நாளைய அறிக்கை என்று பெயர் மாற்றிக் கோப்புறையில் போட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் ஆய்வாளர் சரியாகப் பத்து மணிக்கு வந்தார். ஒல்லியான மனிதர். அதிகம் பேசாதவர். இயக்குநர் பேசினார்.

"சார், இந்த அலுவலகத்துல நோயாளி வர்றான், போறான். அது தானா நடக்கும். அதுக்கு அதிகாரி தேவையில்ல. ஆனா இடம்? இடத்தைப் பாதுகாக்க ஆள் வேணும். மூணு மாசமா நாங்க வேற எந்த வேலையும் பார்க்கல சார். பெருமைக்காகச் சொல்லல."

பியூன் படத்தைக் கொண்டுவந்தார். ஆய்வாளர் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பெரும்பாலும் கறுப்பாக இருந்தது. இயக்குநரின் முகம் மலர்ந்தது. தலைமை எழுத்தர் தட்டுகளைப் பற்றியும் நிர்வாகத்தைப் பற்றியும் விளக்கினார்.

ஆய்வாளர் தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"மேல, ரெண்டு பக்கமும், சின்னச் சின்னதா வெள்ளைப் புள்ளி இருக்கே. இது என்ன?"

"சொல்லுய்யா," என்றார் இயக்குநர்.

ஸ்கேன்காரன் அருகில் போய்ப் பார்த்தான். மாவைச் சலித்துத் தூவியதுபோல இருந்தது. மாமாவின் முப்பத்தோரு படங்களில் முதல் படத்தில் இதே இடத்தில், இதே அளவில் இருந்தன. அவன்தான் ஸ்கேன் செய்தான். அந்தப் படம் எடுத்து ஒன்பது வருடம் ஆகிறது.

அவன் புள்ளிகளை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தான்.

"அடைக்க ஆரம்பிச்சிருக்கு சார்," என்றான். "இப்பத்தான்."

"கேட்டீங்களா சார்?" இயக்குநர் எழுந்தேவிட்டார். "ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சிருக்கோம்! வேற எந்த அலுவலகத்துல இது நடக்கும்?"

"இதைத் தடுக்க வழி இருக்கா?" என்று ஆய்வாளர் அவனைக் கேட்டார்.

"இல்ல சார். கண்காணிக்கலாம்."

ஆய்வாளருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. 'நிலைமை திருப்தி. தொடர்ந்து கண்காணிக்கவும்' என்று எழுதி எட்டாவது கையெழுத்தை அவரே போட்டார்.

ஸ்கேன்காரன் தாளைத் தன் அறைக்குக் கொண்டுவந்து, முழு வண்ணத்தில், மிக உயர்ந்த தெளிவில் ஸ்கேன் செய்தான். மை காய்ந்திருப்பது தெரிந்தது. வழக்கப்படி கூடத்து டிவிக்கு அனுப்பினான். பிறகு படியிறங்கினான்.

கிடங்கு காலியாக இருந்தது. ஒரு மூலையில் ஒரே ஒரு பெட்டி. கிடங்குக்காரர் கையெழுத்துகளை எண்ணினார். எட்டு வந்ததும் மறுபடி எண்ணினார்.

"ஒண்ணு அதிகமா இருக்கு. பரவாயில்ல, குறைஞ்சாத்தான் தப்பு. கடைசிப் பெட்டி தம்பி. அடுத்தது எப்போ வரும்னு தெரியாது. யாருக்கு?"

கதவு வழியாக, படிக்கு மேலே, கூடம் தெரிந்தது. டிவியில் அவனுடைய நெஞ்சு சுவரளவுக்கு விரிந்திருந்தது. அதன் கீழே முன் வரிசையில் மாவு மில்காரர் இருந்தார், பட்டியலில் அடுத்த ஆள். இரண்டு தோளும் ஏறி இறங்க ஒவ்வொரு மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தார். கூடத்தில் இருந்த எல்லோரும் தலையை நிமிர்த்திப் படத்தைப் பார்த்தார்கள். இத்தனை நாளில் அவ்வளவு கறுப்பை அவர்கள் கண்டதில்லை.

"இது யாருதுப்பா?" என்றார் மில்காரர்.

"தெரியல. யாரோ குடுத்து வச்சவன்," என்றாள் பின்னால் இருந்தவள்.

"யாருக்குத் தம்பி?" கிடங்குக்காரர் பேனாவோடு காத்திருந்தார்.

ஸ்கேன்காரன் மில்காரரின் டோக்கன் எண்ணைச் சொன்னான். பிறகு அங்கேயே நின்று, யாருக்கும் தெரியாமல், மூச்சை உள்ளே இழுத்து, அது எதுவரைக்கும் போகிறது என்று பார்த்தான்.